பள்ளத்தில் இறங்குகிறவன் திருடனா?

(மைசூரில் நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மைசூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில் பந்திப்பூரையும் முதுமலையையும் தாண்டினால் கூடலூர். அங்கிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர் அதிக தூரமில்லை. நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் உறவு உண்டு. அங்கே தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் பழைய பொன் சுரங்கப் பள்ளங்கள் கிடக்கின்றன. பல ஆண்டுகளாக ஏழைகள் திருட்டுத்தனமாக அவற்றில் இறங்கிப் பாறை வெட்டி வந்திருக்கிறார்கள். பிடிபட்டால் வழக்கு, மண் சரிந்தால் சாவு. பத்திரிகையில் அவர்களுக்குப் போடும் பெயர் திருடர்கள். இந்தப் பெயர் நியாயந்தானா என்று இன்று பார்ப்போம்.

முதலில், அந்தப் பள்ளங்களை வெட்டியது யார்? வயநாட்டு மலைகளில் ஆற்று மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் ஆதிவாசி மக்களிடம் முன்பே இருந்தது. 1879இல் வெள்ளைக்கார சர்க்கார் பிரௌ ஸ்மித் என்ற நிபுணரை அனுப்பிப் பாறையைச் சோதித்தது. உடனே லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் விலை போயின, தேவாலா திடீர்ப் பட்டணமாயிற்று. எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் கவிழ்ந்தன. பங்கு விற்றவன் லாபத்தோடு போனான். வெட்டிய பள்ளத்தை மூடிவிட்டுப் போ என்று அவனை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, இறங்குகிறவர் யார்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலைத் தோட்டங்களில் உழைத்த 5,25,000 தமிழரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காகவே நீலகிரியில் டான்டீ தோட்டங்கள் போடப்பட்டன. எல்லோருக்கும் அங்கே வேலை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களின் பிள்ளைகளுக்கும் நிச்சயமில்லை. 2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு முடிவெடுத்தது. கூடலூரில் 1969ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும், எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டடி மண்ணுக்குக்கூடப் பட்டா கிடையாது. மறுபக்கம் பொன் விலையைப் பாருங்கள். 2025இல் ஒரு சவரன் எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. வேலையும் நிலமும் இல்லாதவன் காலடியில் பொன் இருக்கிறது என்றால் அவன் என்ன செய்வான்?

ஆனால் தோழர்களே, இந்தப் பிழைப்பு மனிதனைத் தின்கிற பிழைப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். தேவாலா தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆனி, ஆடியில் ஊறிய மண் முட்டுக்கட்டை இல்லாத பள்ளத்தில் எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. காற்றோட்டமில்லாத குழியில் மூச்சு முட்டும். உள்ளே டீசல் பம்பு ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லும்.

உயிரோடு வெளியே வந்தவனுக்கு அடுத்த ஆபத்து பாதரசம். பாறையைப் பொடித்துப் பாதரசத்தோடு கலந்தால் பொன் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் பொன் மிஞ்சும். உலகமெங்கும் சிறு சுரங்கக்காரர் பலர் செய்வது இதுதான். ஒரு கிராம் பொன்னுக்குச் சுமார் ஒரு கிராம் பாதரசம் வீணாகிறது, சில முறைகளில் அது பல மடங்கு. மனிதர் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு இந்தத் தொழிலிலிருந்துதான் வருகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் கணக்குச் சொன்னது. அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. கை நடுங்கும், ஞாபகம் போகும், சிறுநீரகம் கெடும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கேடு இன்னும் அதிகம்.

ஆற்றில் போனது மீனுக்குள் சேரும். ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மக்களை முடமாக்கியது. அந்த நோய் 1956இல் கண்டறியப்பட்டது. அந்த ஊர்ப் பெயரிலேயே பாதரச ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தாயிற்று. இந்தியாவும் 2018இல் அதை ஏற்றது. பந்தலூர்ப் பக்கத்து ஓடைகள் கேரளத்தின் சாலியாற்றுக்குப் போகின்றன. ஆகவே இங்கே கலக்கும் விஷம் நிலம்பூர் ஏழையின் சோற்றுக்கும் போய்ச் சேரும்.

கம்பெனி பெரியதாக இருந்தால் இந்தக் கேடு வராதா? நம் கோலார் தங்கவயலே இதற்குப் பதில். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்தியது, 1956இல் மைசூர் சர்க்கார் எடுத்தது, 1962இல் மத்திய சர்க்காருக்குப் போனது. 120 ஆண்டுகளில் எடுத்த பொன் சுமார் 800 டன். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டினார்கள். கல்தூசி நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் நோய் அங்கே நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இருந்ததாக 1940களின் மருத்துவ ஆய்வே காட்டியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியது சுமார் 330 லட்சம் டன் சயனைடு மண்மேடு. இன்று தங்கவயல் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். 2020 மே மாதம் மாரிக்குப்பத்தில் மூடிக் கிடந்த சுரங்கத்தில் இறங்கியவர்களில் மூவர் பிணமானார்கள். தேவாலாவில் நடந்ததே அங்கேயும் நடந்தது.

அந்தப் பெரிய கம்பெனிக்கு மின்சாரம் வேண்டும் என்றதும் 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். நம் மைசூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1908இல். பொன்னுக்காக அவ்வளவு தூரம் கம்பி இழுத்த நாட்டில், ஏழையின் பள்ளத்துக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரிகூட வருவதில்லை, போலீஸ்தான் வருகிறது. 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி பொன் பெரிய கனிமம். குத்தகை எடுக்கப் பணமும் கம்பெனியும் வேண்டும். கூலிக்காரனுக்கு அதில் வழியே இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1991லேயே சிறு சுரங்கத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே பெங்கெட் பகுதியில் பாதரசம் தொடாமல் வெண்காரத்தைக் கொண்டு பொன்னை உருக்கும் முறையும் இருக்கிறது.

"அது யானைக் காடு, அதைக் காக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். காக்கத்தான் வேண்டும். காட்டுக்குள் தோண்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பள்ளத்தைத் திறந்து போட்டு, வேலையையும் பறித்துவிட்டு, இறங்கியவனை மட்டும் சிறையில் போட்டால் காடும் பிழைக்காது, குடும்பமும் பிழைக்காது.

ஆகவே நாம் கேட்பது இவை: காட்டிலுள்ள பழைய பள்ளங்களை அரசே தன் செலவில் மூட வேண்டும், அந்த வேலையை அங்குள்ள தொழிலாளருக்கே கொடுக்க வேண்டும். காடல்லாத நிலத்தில் பொன் இருந்தால், பாதரசமில்லாத முறையில் தொழிலாளர் கூட்டுறவு எடுக்கச் சட்டத்தில் இடம் வேண்டும். ஓடை நீரையும் மக்களின் இரத்தத்தையும் சோதித்து முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும். கோலார் மண்மேடுகளில் மறுபடி பொன் எடுக்கக் கர்நாடக அரசு 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. அந்த வேலையில் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலிடம் வேண்டும்.

சர்க்கார் செவிசாய்க்கும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அந்தப் பக்கம் உறவுள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள்: சமையல் அடுப்பில் பாதரசத்தைக் காய்ச்ச வேண்டாம். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே விட வேண்டாம். கை நடுங்கினால் மறைக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பாதரசம் புழங்குவதை டாக்டரிடம் சொல்லட்டும். வழக்குக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள் நம் சங்கத்திடம் வரட்டும். நாம் கூடப் போவோம்.