மருந்தும் பரிசோதகரும்



வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. அக்காலத்து மருத்துவன் தானே மூலிகை பறித்தான். தானே இடித்துக் கொடுத்தான். ஆதலின் நான்கும் போதியனவாயிருந்தன. இன்று கண்டியில் ஒருவர் விழுங்கும் குளிசை கடல் கடந்த ஓர் ஆலையில் ஆக்கப்பட்டதாயிருக்கலாம். அதன் தரத்தை, கொடுக்கும் தாதியோ எழுதும் வைத்தியரோ கண்ணாற் பார்த்து அறிய முடியாது. ஆகவே ஐந்தாவது உறுப்பொன்று நமக்கு வேண்டியதாயிற்று. பரிசோதகரே அவ்வுறுப்பு.

இவ்வுண்மையை நன்குணர்ந்த ஒருவர் நமது கண்டியிலேயே கல்வி பயின்றார். திரினிற்றிக் கல்லூரியின் பழைய மாணவரும், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கியவருமான பேராசிரியர் சேனக பிபிலே அவர்களே அவர். நல்ல மருந்து மலிவாக ஏழைக்குங் கிட்டவேண்டும் என்பது அவரது கொள்கை. 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாவதற்கு அவரே மூலகாரணர். 1977ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பல்லாண்டுகளுக்குப் பின், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டது. மருந்துகளைப் பதிவு செய்தல், மாதிரிகளைச் சோதித்தல், தீங்கு காணப்படின் அத்தொகுதியைத் திரும்பப் பெறுதல் ஆகியன அதன் கடமைகள்.

சட்டம் இருந்தது, சோதனைக் காலமும் வந்தது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்தும் வற்றியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்னரே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. அவசரம் கருதி, பதிவு செய்யப்படாத மருந்துகளும் விலக்களிப்புப் பெற்று நாட்டுக்குள் வந்தன. 2023ஆம் ஆண்டு ஏப்பிரலில், அதே வைத்தியசாலையில் மயக்க மருந்து ஏற்றப்பட்ட பெண்கள் இருவர் உயிரிழந்தனர். அம்மருந்து பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில், நோயெதிர்ப்புப் புரத ஊசிமருந்து ஒன்று போலிப் பத்திரங்களின் துணையுடன் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டதென்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது தொடர்பில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைது செய்யப்பட்டார். குற்றவாளி யாரென்பதை நீதிமன்றம் கூறட்டும். நான் கூற விரும்புவது வேறு.

அந்நாட்களில் ஒரு காலை, தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் மகனுக்குக் கொடுத்த குளிசைகளை மேசைமேல் வைத்து, “ஐயா, இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டார். நான் கலைப்பட்டதாரி, மருந்தைப் பற்றி யாது சொல்வேன்? வைத்தியரிடமே மீண்டும் கேட்கும்படி அனுப்பினேன். பணமுள்ளவன் ஐயமுற்றால் வேறிடம் செல்வான். அத்தாய்க்கு வேறிடம் இல்லை. இலவச வைத்தியத்தின் உண்மையான மூலதனம் ஏழையின் நம்பிக்கை. அது போனால், மருந்து இருந்தும் நோயாளி வரமாட்டான்.

எவ்வகைப் பரிசோதனை அந்நம்பிக்கையைக் காக்கும்? பழையவர்கள் வித்தியாதரிசி என அழைத்த கல்வி அதிகாரி வருகிறாரென்றால், நான் படித்த பாடசாலையில் முதல்நாளே சுவருக்கு வெள்ளை பூசுவோம், பூச்சாடி வைப்போம். அவர் இடாப்புகளில் ஒப்பமிட்டுச் செல்வார். ஆனால் ஒருவர் அறிவியாமல் வந்தார். கடைசி வாங்கிலிருந்த சிறுவனை வாசிக்கச் சொன்னார். அவன் தடுமாறினான். அவர் ஆசிரியரை ஏசவில்லை; “ஏன் இவனுக்கு வரவில்லை?” என்று மட்டுமே வினவினார். அடுத்த வாரமே அவனுக்குத் தனிப்பாடம் தொடங்கியது. முன்னவர் கண்டது பத்திரம். பின்னவர் கண்டது பிள்ளை.

இம்முறை வைத்தியத்திலும் பலனளித்ததற்கு நமது நாடே சான்று. 1930களில், இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2010ஆம் ஆண்டளவில் அத்தொகை நாற்பதுக்குங் கீழே இறங்கியது. மருத்துவிச்சிகளின் உழைப்பு, பெண்கல்வி, புதிய மருந்துகள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று விசாரணை. 1985ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. எங்கே தாமதம், எது இல்லாதிருந்தது என்று ஆராய்ந்து, அடுத்த தாயைக் காப்பதே அதன் நோக்கம், எவரையும் பழிப்பதன்று.

மருந்துக்கும் இதுவே வழி. ஆய்வுகூடத்துக்குப் போதிய ஆளும் கருவியும் வேண்டும். மாதிரி முன்னறிவிப்பின்றி எடுக்கப்படவேண்டும். முடிவு மக்களுக்கு வெளியிடப்படவேண்டும். தீங்கை முதலில் அறிவிக்கும் தாதிக்குப் பாதுகாப்பு வேண்டும். அவசர காலத்தில் பரிசோதனையைத் தளர்த்தலாம் என்பார் உளர். ஆற்றிலே வெள்ளம் பெருகும்போதா பாலத்தின் கைப்பிடியைக் கழற்றுவது?

அத்தாய் கேட்ட கேள்விக்கு ஓர் அதிபர் விடைகூற இயலாது. “கொடுக்கலாம், அம்மா; நாங்கள் பார்த்துவிட்டோம்” என்று அரசு சார்பில் உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கவேண்டும். அவரை வலுப்படுத்துவது நம் அனைவரதும் கடன்.