கிணற்றடியில் ஒரு வேண்டுகோள்



தீவகத்திற் பிறந்தவர்க்குத் தண்ணீரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஆறு என்பது இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாய் நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழுந்துவிடும். ஆதலால் எங்கள் பகுதியில் நன்னீர்க் கிணறு என்பது பெருஞ் செல்வம். அத்தகைய கிணறு ஒன்றின் அருகே நின்று, யோவான் நற்செய்தியின் 4 ஆம் அதிகாரத்தை இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகின்றேன்.

நண்பகல் வேளை. வழிநடந்து களைத்த இயேசுநாதர், சமாரியா நாட்டிலே, சீகார் என்னும் ஊருக்கு அருகே, யாக்கோபின் கிணற்றடியில் அமர்ந்திருக்கின்றார். சீடர்கள் உணவு வாங்கச் சென்றுவிட்டனர். தண்ணீர் மொள்ள ஒரு பெண் வருகின்றாள். யூதரும் சமாரியரும் கலந்து பழகாத காலம் அது. அவளிடம் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கின்றார். அவளோ திகைத்து நிற்கின்றாள்.

இந்நிகழ்ச்சியை விளக்குவோர் பெரும்பாலும், அவர் அவளுக்கு அளிக்க முன்வந்த உயிருள்ள நீரைப் பற்றியே பேசுவர். அது தகும். ஆனால் கொடுப்பதற்கு முன்னே அவர் கேட்டார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். மொண்டெடுக்க அவரிடம் பாத்திரம் இல்லை, கிணறோ ஆழமானது. அவளுடைய பாத்திரத்திலிருந்தே அவர் பருகவேண்டும். அதற்கு அவர் இசைந்ததன்றோ அவளைத் திகைக்கச் செய்தது!

நாமும் தண்ணீர் கொடுத்தவர்களே. என் இளமையில் எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு மூக்குப்பேணியிலே நீர் கொடுப்போம். வேலைக்கு வருவோர் கிணற்றுக் கட்டுக்கு அப்பால் நிற்பர். அவர்கள் ஏந்தும் சிரட்டையில் உயர இருந்து வார்ப்போம். வார்த்தவர்கள் அதனை அறம் என்றே எண்ணினார்கள். ஞாயிறு தோறும் தவறாது கோவிலுக்குச் சென்ற குடும்பம் எங்களுடையது.

நான் ஆசிரியனாய் வந்த புதிதில், நோயுற்றிருந்த ஒரு மாணவனைப் பார்க்க அவன் குடிசைக்குச் சென்றேன். அவன் தாய் செம்பைத் துலக்கித் தண்ணீர் கொண்டுவந்தாள். "தாகமில்லை" என்றேன். வெயிலில் மூன்று கட்டை சைக்கிள் மிதித்து வந்தவன் நான்! அப்பையன் என்னை ஒரு கணம் நோக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு விளங்கிவிட்டது.

பின்னர் 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வந்தது. வலிகாமத்து மக்கள் வீடு வாசல் துறந்து, மழையிலும் சேற்றிலும் தென்மராட்சியை நோக்கி நடந்தோம். அவ்விருளில் முன்பின் அறியாத ஒருவர் நீட்டிய போத்தலை வாங்கிக் குடித்தேன். அவர் எவர் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற நினைவே எழவில்லை. ஆயினும் ஊர் திரும்பித் தாகம் தீர்ந்தபின், பழைய வேலிகளையும் நாம் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டோம்.

சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957 ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பொதுக் கிணற்றைத் திறந்துவிடலாம். "தாகமில்லை" என்னும் பொய்யை அது எங்ஙனம் தண்டிக்கும்? அதனை அறிபவர் இருவரே: சொன்னவரும் கேட்டவரும். இல்லை, கிணற்றடியில் அமர்ந்திருக்கும் மூன்றாமவரும் அறிவார்.

சென்ற ஆண்டு அந்த வீட்டைத் தேடிச் சென்றேன். மாணவன் இன்று குடும்பத் தலைவன். தாய் முதுமை எய்திவிட்டாள். "அம்மா, குடிக்கத் தண்ணீர் தாருங்கோ" என்று நானே கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. செம்பைத் துலக்கி, நீர் நிறைத்து, இரு கைகளாலும் நீட்டினாள். அவளும் மறக்கவில்லை என்பதை அத்துலக்கலிலே கண்டேன்.

நேயர்களே, கொடுக்கும்போது நம் கை மேலே நிற்கின்றது. கேட்கும்போதுதான் அது கீழே வருகின்றது. ஆண்டவர் தமது கையைக் கீழே நீட்டினார். அப்பெண்ணோ குடத்தையும் மறந்து, ஊரை அழைத்துவர ஓடினாள். நாம் இதுவரை தண்ணீர் குடியாத வீடு நம் ஊரில் ஒன்றாவது இருக்கும். இவ்வாரம் அவ்வீட்டுப் படலையைத் திறந்து சென்று, ஒரு செம்பு தண்ணீர் கேட்போமாக.