தூண்டில் இரையும் தேயிலைச் சரிவும்

அரூப ஓவியத்தின் முன் நிற்கும் எவருக்கும் முதலில் எழுவது, 'இதற்கு என்ன அர்த்தம்?' என்ற கேள்விதான். அதில் தவறில்லை. அதற்கு அடுத்து வருகிற 'நமக்கெல்லாம் இது புரியாதுங்க' என்ற பேச்சுதான் கவலை தருகிறது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களிடம் இந்தப் பேச்சு சற்று அதிகமாகவே கேட்கிறது.

1959ல் சைட் அஹ்மாட் ஜமால் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டினார். பெயர் 'உம்பான்'. தூண்டிலில் மாட்டும் இரையை மலாயில் அப்படிச் சொல்வார்கள். லண்டன் செல்சீ கலைப்பள்ளியில் படித்துத் திரும்பியவர் அவர். 1995ல் தேசியக் கலைஞர் விருதும் பெற்றார். அந்த ஓவியத்தின் தலைப்பைப் படித்தவர் உடனே மீனைத் தேடத் தொடங்கிவிடுவார். சந்தையில் பார்க்கிற மீன் அங்கே அகப்படாது. தேடுகிறவர்தான் அகப்படுகிறார்!

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் அமெரிக்காவில் ஜாக்சன் பொலக் தம் ஓவியங்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண்களை வைத்தார். துணியைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து வண்ணத்தைச் சொட்டவிட்டவர் அவர். 1948ல் செய்த 'எண் 1ஏ' ஓவியத்தின் மேற்புறத்தில் அவருடைய கைத்தடங்களே பதிந்திருக்கின்றன. ஓர் ஆள் இங்கே உடலோடு வேலை செய்திருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இவ்வகை ஓவியத்தில் முதலில் வாசிக்க வேண்டியது அந்த வேலையைத்தான். தூரிகை எந்தப் பக்கமிருந்து வந்தது? எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது? எந்த வண்ணம் முந்தியது, எது அதன்மேல் ஏறியது? இவற்றைக் கண்ட பிறகு கோபம், அமைதி, தவிப்பு என்று மனத்தில் எழுவதைச் சொல்லலாம். கண்ணில் பட்டதைக் காட்டிச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். மனம்போன போக்கில் எதையும் சொல்லலாம் என்பது வெறும் சோம்பல்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பார்வை புதிதல்ல. 1929ல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே தேயிலைத் தொழிலைத் தொடங்கினார். அதன்பின் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் அங்கே உழைத்தார்கள். எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தால் செடிகள் தெரிவதில்லை. பச்சைத் திட்டுகளும் அவற்றின் இடையே வளைந்தோடும் கோடுகளும்தான் தெரிகின்றன. சுற்றுப்பயணிகள் அதை அழகு என்று படம் பிடிக்கிறார்கள். அந்தக் கோடுகள் கொழுந்து பறிப்பவர்கள் நடந்த தடங்கள். தளிர்ப்பச்சையையும் முற்றிய பச்சையையும் ஒரு நொடியில் பிரித்தறிந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கண்ணுக்கு வண்ணம் தெரியாது என்று யார் சொன்னது? இன்று அந்த வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். கையில் கத்திரியும் இயந்திரமும். பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நகரங்களில் இருக்கிறார்கள். கலைக்கூடமும் அங்கேதான் இருக்கிறது.

'புரியாது' என்று ஒதுங்குவதற்கு ஒரு விலை உண்டு. இதே சைட் அஹ்மாட் ஜமால் வடிவமைத்த 'புன்சாக் பூர்ணாமா' என்ற சிற்பம் 1980களில் இருந்து கோலாலம்பூர் நகர மையத்தில் நின்றது. தினமும் ஆயிரமாயிரம் பேர் அதைக் கடந்து போனார்கள். காலப்போக்கில் அது பழுதடைந்தது. 2016ல் மாநகராட்சி அதை இடித்தது. கலைஞர் 2011லேயே காலமாகிவிட்டார். இடித்த பிறகுதான் பலர் குரல் எழுப்பினார்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லும்போது ஒன்று செய்து பார்க்கலாம். விளக்கப் பலகையைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். முதலில் பத்தடி தள்ளி நிற்கட்டும், பிறகு அருகே போகட்டும். மார்க் ராத்கோ தம் பெரிய ஓவியங்களை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னவர். அவ்வளவு அருகே விளிம்பு மறைந்து வண்ணம் மட்டுமே மிஞ்சும், மூடுபனிக்குள் நிற்பதுபோல. கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு மூடுபனியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.