வழி அடைபட்ட காடுகள்
மீஞ்சூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு

காட்டின் பரப்பு எவ்வளவு, அதில் விலங்குகள் எத்தனை என்ற இரண்டு கணக்குகளை வைத்தே காட்டின் நலத்தை அளந்துவருகிறோம். மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. ஒரு காட்டில் பிறந்த விலங்கு இன்னொரு காட்டுக்குப் போய் இனம் பெருக்க வழி இருக்கிறதா என்பதே அது. அதைப் பார்க்காவிட்டால் முதல் இரண்டு கணக்குகளும் நம்மை ஏமாற்றிவிடும் என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து.

தாயும் தந்தையும் தம் மரபணுக்களில் பாதியைத்தான் ஒவ்வொரு குட்டிக்கும் தருகின்றன. கூட்டம் பெரிதானால் ஒரு குட்டிக்கு வாய்க்காதது இன்னொன்றுக்கு வாய்க்கும். கூட்டம் சிறுத்தால் சில மரபணு வகைகள் வெறும் தற்செயலால் அற்றுப்போகும். இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்குபெறுபவை 25 விலங்குகளே என்றால், தலைமுறைக்கு 2 விழுக்காடு வேற்றுமை குறையும். பத்துத் தலைமுறையில் ஏறத்தாழ 18 விழுக்காடு போய்விடும். தலைமுறைக்கு ஓரிரு விலங்குகள் வெளியிலிருந்து வந்து கலந்தாலே இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கலாம். யானையிலும் சோலைமந்தியிலும் அப்படிப் போவது பெரும்பாலும் ஆண்தான். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளில், மரத்துக்கு மரம் தாவியே வாழ்ந்த சோலைமந்தி இன்று தரையிறங்கித் தார்ச்சாலையைக் கடக்கிறது. அங்கே வண்டியில் அடிபட்டுச் சாகும் ஓர் ஆண்மந்தியோடு, அடுத்த சோலைக்குப் போயிருக்கக்கூடிய மரபும் சாகிறது.

எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மரபணுவைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். ஒடிசாவின் சிமிலிபால் காடு இதற்கு விடை சொல்கிறது. அங்குள்ள புலிகள் சிலவற்றின் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, முதுகே கருத்துத் தெரியும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-இல் இதன் காரணத்தை வெளியிட்டது: ஒரே ஒரு மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாற்றம். இந்தியாவின் பிற காடுகளில் சோதித்த புலிகளிடம் அது இல்லை. இங்கே தொடங்கும் வெளிவட்டச் சாலையின் மறுமுனையான வண்டலூரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் புலிகள் சிலவற்றில் அது உண்டு. அவற்றின் முன்னோரிலும் சிமிலிபால் ரத்தம் கலந்திருக்கிறது. அந்தக் கறுப்பு தீங்கானது என்பதற்குச் சான்றில்லை. ஆனால் தனித்துப்போன சிறு கூட்டத்தில் அரிய மாற்றம் ஒன்று இவ்வளவு வேகமாகப் பரவ முடியுமென்றால், நோய் தரும் மாற்றமும் அதே வழியில் பரவலாம். புலிகளை எண்ணும் கணக்கெடுப்பில் இது தெரியவே தெரியாது.

இயற்கையே காடுகளைப் பிரித்துத்தானே வைத்திருக்கிறது, பாலக்காட்டுக் கணவாயை மனிதரா வெட்டினார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. 2024-இல் வெளியான முழு மரபணுத்தொகுதி ஆய்வு, இந்திய யானைகளை ஐந்து பிரிவுகளாகப் பிரித்தது. அவற்றுள் மூன்று தெற்கே உள்ளவை: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று. தெற்கே போகப் போக மரபணு வளம் குறைகிறது. யானைகள் படிப்படியாகத் தெற்கே பரவியபோது, ஒவ்வொரு படியிலும் சிறு கூட்டமே முன்னேறியதன் விளைவு இது. ஆகவே இயற்கையின் பிரிவினை நமக்குச் சமாதானம் ஆகாது, எச்சரிக்கையே ஆகும். கையிருப்பு குறைந்த கூட்டத்தின் எல்லையில்தான் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் குடியிருப்புகளும் சேர்ந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நேர்ந்ததைச் சில பத்தாண்டுகளில் நாம் இறுக்குகிறோம்.

விலங்குகளைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் போதாதா? பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. வால் முறுக்கும் இதயக் கோளாறும் மலிந்திருந்த புளோரிடா பூமாக்களிடையே, 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களை விட்டார்கள், இனம் மீண்டது. 2024-இல் மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டிலிருந்து இரண்டு பெண்புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றுள் ஒன்று காட்டைவிட்டு வெளியேறி, ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கம்வரை போய், மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. கூண்டில் ஏற்றி அனுப்புவது அவசர சிகிச்சை. அதைத் தலைமுறைதோறும் எல்லா விலங்குக்கும் செய்ய எந்த வனத்துறையாலும் இயலாது. நடக்க வழி இருந்தால் அதே வேலையை விலங்கே செய்துகொள்ளும்.

துறைமுகமும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த இந்த மண்ணில் நின்றுகொண்டு சாலை வேண்டாம், ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்திய இந்தியாவின் பெஞ்ச் காட்டை ஊடறுக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐத் தூண்களில் உயர்த்தி அடியில் வழிவிட்டார்கள். புலிகள் அவ்வழியே கடப்பதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. சாலையும் வழியும் ஒன்றாக இருக்க முடியும். ஆனால் திட்டம் தீட்டும்போதே கேட்டால்தான் முடியும். கருத்துக்கேட்புக் கூட்டங்களின் அறிக்கைகளை வரிவரியாகப் படித்துப் பழகிய ஊர் இது. அவற்றில் ஹெக்டேர் கணக்கும் உயிரினப் பட்டியலும் இருக்கும். திட்டம் அமையும் தடத்தைக் குறுக்கே கடக்கும் விலங்குகள் எவை, திட்டம் முடிந்தபின் அவை எங்கே கடக்கும் என்ற பத்தியும் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பத்தி இல்லாத அறிக்கை முழுமையான அறிக்கை ஆகாது.