பேக் ஆடுகிறவன்



பட்டமளிப்பு விழாவுக்குக் கலெக்டரையோ துணைவேந்தரையோ கூப்பிடுவதுதான் வழக்கம். நீங்கள் முப்பத்தோரு வருடம் விசில் ஊதி ஓய்வு பெற்ற ஒரு பி.டி. வாத்தியாரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல்காரன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

சின்ன வயதில், சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் ஏரி வற்றினால் அதுதான் எங்கள் கால்பந்து மைதானம். கருவேல முள்ளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, செருப்புகளைக் குவித்து கோல் போஸ்ட் வைப்போம். ஆள் பிரிக்கும்போது நன்றாக ஆடுகிறவன் ஃபார்வர்டு. ஓட முடியாதவன் கோலி. மீதி இருக்கிறவன் பேக், பின்னால் நின்று தடுக்கிறவன். நான் மீதி இருக்கிறவன்.

பேக்குக்கு ஒரு வினோதமான கணக்கு உண்டு. பத்துப் பந்தைத் தடுத்தால் ஊர் வாயைத் திறக்காது. பதினோராவது பந்து காலிடுக்கில் போய்விட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் டீக்கடையில் அதுதான் பேச்சு. ஏரிக்கரையும் அப்படித்தானே? உடைந்த வருடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உடையாமல் நின்ற வருடங்களை யார் எண்ணுகிறார்கள்? உத்திரமேரூர்க்காரர்கள் மட்டும் விவரமானவர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டியபோது ஏரி வாரியம் என்று ஒன்றை வைத்து, அதற்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள் என்று எழுதி வைத்தார்கள். கரை காப்பதும் ஒரு பதவிதான் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்ட மண் இது.

இன்றைக்கு உங்களுக்கு ஒரு பேக்கின் கதை சொல்லப்போகிறேன். பெயர் அனஸ் எடத்தொடிகா. மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியில் 1987-ல் பிறந்தவர். சிறு வயதில் வீட்டுக் கஷ்டத்துக்கு ஆட்டோ ஓட்டியவர். 2007-ல் மும்பை எஃப்.சி.யில் சேர்ந்தார். அப்போது அது இரண்டாம் டிவிஷன் அணி. பிறகு புனே எஃப்.சி. பிறகு டெல்லி டைனமோஸ். அங்கே அவருக்கு முதல் வருடம் கோச்சாக வந்தவர் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ், அடுத்த வருடம் இத்தாலியின் ஜம்புரோட்டா. இருவரும் உலகக் கோப்பை வென்றவர்கள். இருவருமே பேக். (இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.) அப்புறம் கொல்கத்தாவில் மோகன் பகான், ஜாம்ஷெட்பூர், கேரளா பிளாஸ்டர்ஸ், மறுபடி கொல்கத்தாவில் ஏ.டி.கே., மறுபடி ஜாம்ஷெட்பூர், கோகுலம். மூச்சு வாங்குகிறது இல்லையா? அந்த நாட்களில் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., சில மாதம்தான் நடக்கும். மீதி மாதங்களுக்கு ஐ-லீகில் வேறு சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே வருடத்தில் இரண்டு ஊர், இரண்டு கோச், இரண்டு சமையல்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அவர் ஆடிய அணிகளில் நான்கு இன்று அந்தப் பெயரில் இல்லை. புனே எஃப்.சி. 2015-லும் மும்பை எஃப்.சி. 2017-லும் கலைந்தன. டெல்லி டைனமோஸ் 2019-ல் புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆகிவிட்டது. ஏ.டி.கே. 2020-ல் மோகன் பகானோடு கலந்தது. சட்டை போய்விட்டது, பெயர்ப்பலகை போய்விட்டது. அதைப் போட்டு ஆடியவர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்.

உங்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ விடியற்காலை கம்பெனி பஸ் ஏறுவீர்கள். பதினோரு மாதக் காண்ட்ராக்ட் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள் என்பது இங்கே இருக்கும் பெற்றோருக்குத் தெரியும். "ஒரு இடத்துல நிலையா நில்லுடா" என்று திட்டுவோம். பிள்ளை நிலையாகத்தான் நின்றான். இடம்தான் நகர்ந்துவிட்டது. அவனை எதற்குத் திட்ட வேண்டும்?

அப்படியானால் இத்தனை ஊர் மாறுகிற ஒரு பேக் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான்? கோல் கணக்கு இல்லை. வீடியோவில் போட்டுக்காட்டப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் பார்த்த வரையில் பேக்கின் சொத்து அவன் குரல்தான். மைதானத்தில் கவனியுங்கள்: ஃபார்வர்டு வாய் திறக்கவே மாட்டான். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் மொத்த ஆட்டமும் தெரியும். "பின்னாடி ஆள்!", "ஏறு!", "விடு, நான் பார்த்துக்கிறேன்!" என்று தொண்ணூறு நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பான். வாய் மூடின பேக் இருக்கிற அணி கட்டாயம் கோல் வாங்கும். புது அணிக்குப் போனால் முதல் வேலை பக்கத்தில் நிற்கிறவன் பெயரையும், அவன் எந்தக் கால்காரன் என்பதையும், அவனுக்கு எந்த மொழியில் கத்தினால் புரியும் என்பதையும் தெரிந்துகொள்வது. நீங்கள் போகிற இடத்திலும் பக்கத்து மெஷினில் நிற்கிறவர் ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ, பெயரைக் கேட்டு வையுங்கள்.

அனஸ் இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடியபோது முப்பது வயது முடிந்திருந்தது. 2017 மார்ச் 22, கம்போடியாவில், 3-2 வெற்றி. முப்பது வயதில் பலர் மூட்டுவலித் தைலம் தேட ஆரம்பிப்பார்கள். அதே வருடம் ஐ.எஸ்.எல். டிராஃப்டில் ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாகத் தூக்கியது அவரைத்தான், ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு. ஃபார்வர்டை விட்டுவிட்டு ஒரு பேக்கை! அன்றைக்கு நான் வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன். என் மனைவி இன்னும் கேலி செய்கிறாள்.

2019 ஜனவரி 14, ஷார்ஜா. ஆசியக் கோப்பையில் பஹ்ரைனோடு டிரா செய்தாலே அடுத்த சுற்றுக்கு வழி இருந்தது. நான்காவது நிமிடத்தில் அனஸ் அடிபட்டு வெளியே வந்தார். மீதி ஆட்டத்தை அவர் ஓரத்திலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. தொண்ணூறு நிமிடம் முடிந்த பிறகு ஒரு பெனால்டி, 0-1. மறுநாளே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு என்று அறிவித்துவிட்டார். சில மாதம் கழித்துப் புது கோச் ஸ்டிமாச் கூப்பிட்டபோது திரும்பி முகாமுக்குப் போனார். ராஜினாமா செய்த இடத்துக்குத் திரும்புவது மானக்கேடு என்று நம் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொரு பேக்கைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. வி.பி. சத்யன். கண்ணூர் மாவட்டத்துக்காரர். கேரளா போலீஸ், மோகன் பகான், அப்புறம் சென்னையில் இந்தியன் வங்கி. 1995 டிசம்பரில், அப்போது இன்னும் மெட்ராஸ்தான், தெற்காசிய விளையாட்டில் இந்தியா கால்பந்தில் தங்கம் வாங்கியபோது கேப்டன் அவர். நான் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் அவர் ஆடுவதைப் பார்த்தேன். கேலரி கடைசி வரிசை வரைக்கும் அவர் குரல் கேட்டது. 2006 ஜூலையில் பல்லாவரம் ரயில் பாதையில் அவர் உயிர் போயிற்று. வயது 41. அதற்குக் காரணம் பேசுகிற மேடை இது இல்லை. அவ்வளவு கத்தியவருக்கு விசில் ஊதி ஆட்டம் முடிந்த பிறகு பக்கத்தில் நின்று கத்த ஆள் இருந்ததா என்று மட்டும் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். பிள்ளைகளே, இன்றைக்குப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது, வகுப்பில் இரண்டு பேரிடமாவது, "நான் ஒரு மாசம் போன் பண்ணலேன்னா நீ பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வெட்கப்படாதீர்கள். நான் இந்த வயதில் போன வாரம்தான் சொன்னேன்.

அனஸ் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. 2024-ல் சூப்பர் லீக் கேரளா என்று ஒரு புதிய போட்டி ஆரம்பித்தார்கள். அதில் மலப்புறத்துக்கு ஒரு அணி, அதற்குக் கேப்டன் அனஸ். முப்பத்தேழு வயது. சொந்த மைதானம் மஞ்சேரி பையநாடு ஸ்டேடியம். மும்பை, புனே, டெல்லி, கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர் எல்லாம் சுற்றிவிட்டு வந்தவர், கொண்டோட்டியிலிருந்து அந்த மைதானத்துக்கு ஆட்டோவிலேயே போகலாம்.