கியர்க் கம்பி: சிறு செலவு, பெரும் பயன்



வரி, சுப்பர் என்று கணக்கு வழக்குகளைப் பற்றியே பேசிவரும் நான், இன்று சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன். இதற்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில்தான் போயின. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தியும் கேட்டோம். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் இல்லை. ஆகவே ரியூப் ஒட்டவும் செயின் போடவும் தெரிந்த எங்களுக்கு, கியர்க் கம்பி மட்டும் இங்கே வந்து பழகிய சாமான். இன்று மேற்கு சிட்னியில் எம்-7 வீதியோரம் 40 கிலோமீற்றர் நீளும் பாதையிலும், மெல்பேர்ணில் டண்டினோங் ஓடைக்கரைப் பாதையிலும் நம்மவர்கள் பலர் ரோட் பைக் ஓடுகிறார்கள். சிலருக்கு அது உடற்பயிற்சி. பஸ் இல்லாத நேரத்தில் இரவு வேலை முடித்து வருபவருக்கோ அதுவே வாகனம்.

பின்பக்கக் கியர்க் கம்பி அறுந்தால் என்ன நடக்கும்? அங்குள்ள ஸ்பிரிங் செயினை ஆகச் சிறிய பற்சில்லுக்கு இழுத்துவிடும். உழக்குவதற்கு ஆகக் கடினமான கியர் அதுதான். ஏற்றத்தில் அகப்பட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இன்னொரு நட்டமும் உண்டு. கம்பி பெரும்பாலும் கைப்பிடியிலுள்ள லீவருக்குள், அதன் தலைக்கு அருகில்தான் இழை இழையாக அறும். அந்த இழைகள் உள்ளே சிக்கினால் லீவரே பழுதாகலாம். சில டொலர் கம்பிக்குப் பார்த்து, நூற்றுக்கணக்கான டொலர் லீவரை இழப்பது எந்தக் கணக்கிலும் இலாபமாகாது.

கம்பி ஏன் துல்லியமாக இருக்க வேண்டும்? 1984இல் ஷிமானோ நிறுவனம், ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற முறையை டூரா-ஏஸ் தொகுதியில் கொண்டுவந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் கம்பி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர்தான் நகர்கிறது. துருவோ அழுக்கோ அதில் அரை மில்லிமீற்றரைப் பிடித்துக்கொண்டால் செயின் இரண்டு பற்சில்லுகளுக்கு இடையில் தடுமாறும்.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.

முதலாவது, உட்கம்பி. கியருக்கு 1.2 மில்லிமீற்றர் தடிப்பு வழக்கமானது. பிறேக் கம்பி அதைவிடத் தடிப்பானது. துத்தநாகம் பூசிய கம்பி மலிவு, ஆனால் துருப்பிடிக்கும். கடற்காற்று படும் இடங்களில் துருவேறா எஃகே நல்லது. மேற்பூச்சுள்ள விலைகூடிய கம்பிகள் வழுக்கலாக ஓடும். ஆனால் பூச்சு தேய்ந்து பஞ்சுபோல் உரிந்து உறைக்குள் அடைக்கவும் கூடும். அன்றாட ஓட்டத்துக்கு மினுக்கிய துருவேறா எஃகுக் கம்பி போதும். கம்பன்யோலோ லீவருக்குக் கம்பியின் தலை சிறிதாக இருக்க வேண்டும். ஷிமானோ கம்பியை அதில் போட்டால் இறுகிவிடும். கடையில் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, வெளியுறை. இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கியர் உறைக்குள் இரும்பிழைகள் நீளவாட்டில் ஓடுகின்றன. பிறேக் உறையில் அவை சுருளாகச் சுற்றப்பட்டுள்ளன. சாதாரண கியர் உறையைப் பிறேக்குக்குப் போட்டால், பலமாகப் பிடிக்கும்போது அது வெடித்துப் பிரியலாம். அது உயிராபத்து.

உறையை வெட்டக் கூரிய கம்பிவெட்டி வேண்டும். சாதாரண குறடு நசுக்கிவிடும். வெட்டிய முனையை அரத்தால் மட்டமாக்கி, உள்ளே உள்ள பிளாஸ்ரிக் குழாயின் வாயை ஊசியால் திறந்து, முனைக்குரிய மூடியைப் போடுங்கள். கைப்பிடியை முழுதாகத் திருப்பினாலும் உறை இழுபடாத நீளம் வேண்டும்.

பராமரிப்பு சுலபம். பின்சில்லைத் தூக்கிப் பெரிய பற்சில்லுக்கு மாற்றுங்கள். பெடலைச் சுற்றாமல், லீவரை மட்டும் சிறிய கியருக்குத் தட்டுங்கள். கம்பி தளரும். கம்பி வெளியே ஓடும் வண்டிகளில், பிளவுள்ள தாங்கிகளிலிருந்து உறையைக் கழற்றிக் கம்பியைத் துடைக்கலாம். பின் ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். ஊரிலே பூட்டுக்கும் தையல் மெசினுக்கும் தேங்காய் எண்ணெய் விட்ட பழக்கத்தை இதில் காட்டாதீர்கள். அது 24 பாகை அளவில் உறையும். மெல்பேர்ண் குளிரில் உறைக்குள் மெழுகாகிவிடும்.

புதுக் கம்பி போட்ட சில நாட்களில் உறை அமர்ந்து, இழுவிசை குறையும். செயின் பெரிய பற்சில்லுக்கு ஏறத் தயங்கினால், பின் கியரிலுள்ள திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகத் திருப்புங்கள். அதற்கும் சரிவராவிட்டால், கம்பி உறைக்குள் இறுகுகிறது என்று பொருள், மாற்றுங்கள்.

தினமும் ஓடுபவர் ஆண்டுக்கொரு முறை கம்பி மாற்றுவது நல்லது. நாள் மறக்கும் என்றால், யூன் 30ஐ வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் கியர்க் கம்பியின் கணக்கையும் முடித்துவிடலாம். இதற்கிடையில் கியர் மாற்றம் திடீரெனக் கெட்டுப்போனால் திருகோடு மல்லுக்கட்டாமல், முதலில் லீவருக்குள் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவில் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகள் உள்ள பெற்றோர், இந்த வார இறுதியிலேயே பார்த்துவிடுங்கள்.