வழுக்குதலும் தேய்தலும்



வண்டியச்சுக்கு எண்ணெய் இடுவது எதற்கென்று கேட்டால் சிறு பிள்ளையும் விடை கூறும். நன்றாக வழுக்கும் பொருள் தேயாது என்பது உலக வழக்கிலுள்ள எண்ணம். இவ்வெண்ணத்தை நம்பி ஏறக்குறைய 300 நோயாளர் அடைந்த துன்பத்தையே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தில் றைற்றிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்னும் சத்திரவைத்தியர் இருந்தார். பழுதுற்ற இடுப்பு மூட்டை நீக்கி, தொடையெலும்பில் உருக்குப் பந்தும் இடுப்பெலும்பில் டெப்லோன் கிண்ணமும் பொருத்தினார். டெப்லோனிலும் வழுக்கும் திண்மப் பொருள் அரிது. படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஆனால், சில ஆண்டுகளுக்குள் கிண்ணங்கள் தேய்ந்து போயின. உதிர்ந்த துகள்களைச் சூழ்ந்து வீக்கமுண்டாகி எலும்பும் அரிக்கப்பட்டது. நோவு திரும்பியது; பலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று.

காரணம் யாது? உராய்வென்பது அசைவுக்கு நேரும் தடை. தேய்வென்பது பொருளின் இழப்பு. இரண்டும் வேறு. டெப்லோனின் படலங்கள் எளிதிற் கழன்று எதிர்ப்பரப்பிற் பூசப்படுவதாலேயே அது வழுக்குகின்றது. அதன் குணமே அதன் குற்றம்!

1962 ஆம் ஆண்டு விற்பனையாளர் ஒருவர் நெசவுப்பொறிகளிற் பயன்பட்ட ஒருவகைப் பொலியெதிலீனைக் கொணர்ந்தார். சார்ன்லி அதை நகத்தாற் கீறிப் பார்த்து, வீண்வேலை என்று போய்விட்டார். அவருடைய தொழினுட்ப உதவியாளர் ஹரி கிறேவன் விட்டாரில்லை. தலைவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில் அதைச் சோதனைப் பொறியில் ஏற்றி இரவுபகலாக ஓடவிட்டார். டெப்லோன் ஒரு நாளிற் தேயும் அளவுகூட இது மூன்று வாரத்திற் தேயவில்லை. டெப்லோன் அளவுக்கு வழுக்காத பொருள்தான் இது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். சார்ன்லி இம்முறை அவசரப்படாமல் இரு பொருள்களின் துகள்களையும் தமது தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். டெப்லோன் இருந்த இடம் கட்டியாகப் பருத்தது. மற்றையது அவ்வாறு பருக்கவில்லை. அந்த நெஞ்சுரத்தை நாம் மதிக்கிறோம். எனினும், கிறேவனின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

பொலியெதிலீனும் முற்றாகத் தேயாததன்று. அதன் நுண்துகள்களை உடலின் உயிரணுக்கள் விழுங்குகின்றன; செரிக்க இயலாது கிளர்ந்து எலும்பை அரிக்கத் தூண்டுகின்றன. 1990களின் இறுதியிலிருந்து கதிர்வீச்சினால் அதன் நெடுஞ்சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, பின் சூடாக்கித் தேய்வை வெகுவாகக் குறைத்தனர். உலோகத்தின்மேல் உலோகம் என்னும் வழியில் தேயும் அளவு சிறிதாயினும், கோபாற்று இரத்தத்திற் கலந்து சுற்றுத் தசையைக் கெடுத்தது. 2010 ஆம் ஆண்டு ஒரு பெரு நிறுவனம் அத்தகைய மூட்டுகளைத் திரும்பப் பெற்றது.

ஆதலால் இன்று புதுப் பொருளொன்றை முதலிற் பொறியில் ஏற்றி, கன்றின் குருதிநீரில் நனைத்து, பல இலட்சம் அடிகள் நடக்கவிடுகின்றனர். மனிதர் ஓராண்டில் ஒரு காலால் வைக்கும் அடிகள் ஏறக்குறைய 10 இலட்சம். பின்னர் கிண்ணத்தை நிறுத்து இழந்த எடையைக் காண்கின்றனர். அத்துடன் நில்லாது, உதிர்ந்த துகளையும் வடித்தெடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்கின்றனர்.